சுந்தரி கொண்டுவந்த சொல்

ஆம்பூரில் ஜஹீருன்னிசாவின் ஆங்கிலத்தில் குறை சொல்ல ஒருவரும் கிடையாது. பத்தொன்பது வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுத்து வந்தாள். ஊரிலுள்ள தோல் கம்பெனிகளில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு மெயில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். கல்யாணப் பத்திரிகையை ஆங்கிலத்தில் அடிக்கிறவர்கள்கூட அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் ஒரு தரம் காட்டிவிட்டுப் போவார்கள். அவள் ஒரு கமாவைத் தள்ளி வைக்கச் சொல்வாள். அவர்களும் தள்ளி வைப்பார்கள்.

அதனால், பைபாஸ் ரோட்டை ஒட்டிய ஷூ கம்பெனியின் மேனேஜர் கோபி வீட்டுக்கே வந்து, "மேடம், எங்க லேடீஸ் ஸ்டாஃபுக்கு சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கணும். உங்கள விட்டா ஆள் இல்ல" என்று கேட்டபோது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. இங்கிலாந்திலிருந்து ஆர்டர் கொடுக்கிறவர்கள் அடிக்கடி வந்து பார்க்கிறார்கள், அவர்கள் கேட்கிற கேள்விக்கு மிஷினில் நிற்கிற பெண்களே நாலு வார்த்தை பதில் சொன்னால் கம்பெனிக்கு மரியாதை என்பது கோபியின் கணக்கு. ஜஹீருன்னிசா ஒப்புக்கொண்டாள்.

கேன்டீனுக்கு மேலே ஒரு ஹால். இருபத்திரண்டு பெண்கள். தையல், பேக்கிங், லாஸ்டிங் என்று மூன்று பிரிவிலிருந்தும் வந்திருந்தார்கள். கையில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே அவள் சொல்வதை எழுதிக்கொண்டார்கள். முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மூன்றாவது வாரம் வினைச்சொற்கள். "தி மீட்டிங் வில் லாஸ்ட் டூ அவர்ஸ்" என்று பலகையில் எழுதினாள். "லாஸ்ட்னா கடைசின்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. இங்க அது வினை. நீடிக்கும், தாங்கும்னு அர்த்தம். கூட்டம் ரெண்டு மணி நேரம் நீடிக்கும்."

பின் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். சுந்தரி. விரிஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். முப்பத்தாறு, முப்பத்தேழு வயதிருக்கும். பிளஸ் டூ படித்துவிட்டு வேலைக்கு வந்தவள். பதினோரு வருஷமாக லாஸ்டிங் லைனில் செக்கிங். கால் வடிவத்தில் பிளாஸ்டிக்கில் செய்த அச்சின் மேல் தோலை இழுத்துப் பிடித்து ஒட்டி ஷூவுக்கு உருவம் கொடுக்கிற இடம் அது. அந்த அச்சுக்குத்தான் லாஸ்ட் என்று பேர்.

"மிஸ், எங்க அச்சுக்கும் லாஸ்ட்டுனுதான் பேரு. அதே ஸ்பெல்லிங்கு. இதுவும் அதுவும் ஒண்ணா?"

ஜஹீருன்னிசாவுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் வகுப்பறையில் நின்று தெரியவில்லை என்று சொன்னதும் இல்லை. "அது பெயர்ச்சொல்லும்மா. இது வினை. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது" என்றாள்.

"இல்ல மிஸ், நாங்க 'இத லாஸ்ட் பண்ணு, அத லாஸ்ட் பண்ணு'ன்னுதான சொல்றோம்? அப்ப அதுவும் வினைதான?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது சுந்தரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை.

"ஃபேக்டரி இங்கிலீஷ் எல்லாம் இங்கிலீஷ் ஆகாது. உக்காரு."

சுந்தரி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த ஜஹீருன்னிசா அகராதியைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். அலமாரியில்தான் இருந்தது. ஒரு தொழிலாளி கேட்டதற்காக அகராதியை எடுப்பதா என்று அவளுக்கு ஒரு வீம்பு. எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே சுந்தரி எழுந்து நின்றாள். கையில் நோட்டு. "மிஸ், ஞாயித்துக்கிழமை பையனுக்குத் துணி எடுக்க வேலூர் லாங் பஜார் போயிருந்தேன். அப்படியே லைப்ரரிக்குப் போயி அந்தப் பெரிய டிக்‌ஷனரிய எடுத்துத் தரச்சொல்லிப் பாத்தேன். எழுதிக்கினு வந்துருக்கேன். சொல்லவா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"ரொம்பப் பழைய இங்கிலீஷ்ல லாஸ்ட்னா காலடித் தடமாம் மிஸ். மண்ணுல கால் வெச்சா பதியுதே, அது. அதுலேர்ந்து வந்த வினைக்கு, ஒருத்தர் தடத்தப் பாத்து பின்னாடியே போறதுன்னு அர்த்தம். பின்னாடியே போறதுன்னா வுடாம போறது. அப்பறம் சொன்ன சொல்ல வுடாம முடிக்கிறதுக்கும் அதயே சொன்னாங்களாம். அப்படியே போயிப் போயி இப்ப நீடிக்கிறது, தாங்குறதுன்னு ஆயிடுச்சு. காலோட தடம் மாதிரி இருக்குறதால அச்சுக்கும் அதே பேரு. எங்க அச்சும், நீங்க சொன்ன நீடிக்கிறதும் ஒரே வயித்துல பொறந்ததுங்க."

சுந்தரி பக்கத்தைத் திருப்பி இன்னும் ஏதோ படித்தாள். ஆனால் ஜஹீருன்னிசா அதற்குமேல் கேட்கவில்லை. காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. வேலூர்க் கல்லூரியில் எம்.ஏ.வில் முதலாவதாக வந்தவள் அவள். மேலே ஆராய்ச்சி செய்யச் சென்னையில் இடம் கிடைத்தபோதுதான் நிக்காஹ் நிச்சயமானது. போகவில்லை. அந்த வருத்தமெல்லாம் தீர்ந்துபோனதாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். இவளுக்கோ பட்டமும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. பையனுக்குச் சட்டை எடுக்கப் போன இடத்தில் போகிற போக்கில் ஒரு சொல்லின் பிறப்பையே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்று வயிறு எரிந்தது.

சுந்தரி முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பேக்கிங்கில் வேலை செய்கிற மெர்சி விசில்கூட அடித்தாள்.

"குட்" என்றாள் ஜஹீருன்னிசா. "ஃபுட்பிரின்ட்ங்கற வார்த்தைய நீ எழுதியிருக்கிறதுல ஒரு எழுத்து கம்மி. திருத்திக்க."

அன்றிரவு சாப்பிடும்போது கணவர் முனீர் அகமதுவிடம் அந்தக் கதையைச் சொன்னாள். அவர் தோல் பதனிடுகிற ரசாயனம் விற்கிறவர். இந்தத் தொழிலிலேயே பிறந்து வளர்ந்தவர். சொல்லிக்கொண்டே வந்தவள், யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் சோற்று உருண்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே கேட்டார்.

"சுபஹானல்லாஹ்! இந்த ஊர்ல எத்தன ஆயிரம் பேர் தினம் அந்த வார்த்தைய சொல்றோம், ஒருத்தருக்கும் தெரியல பாரு. உன்னாலதான் இப்படியெல்லாம் தோண்டி எடுக்க முடியும்" என்றார் உருதுவில்.

அவள் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய நேரம் கடந்து, அவர் ரசம் கேட்டு, பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. மறுநாள் அவர் கடையில் நாலு பேரிடம் சொன்னதாகச் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அதன் பிறகு வந்த இரண்டு வாரமும் அவள் ஒரு காரியம் செய்தாள். வெளியே தெரியாத காரியம். மற்றவர்கள் நோட்டைச் சிவப்பு மையால் பக்கம் பக்கமாகத் திருத்தினாள். சுந்தரியின் நோட்டு வரும்போது மட்டும் ஒரு டிக் போட்டு மூடிவிட்டாள். தப்பு இருந்தது, பார்த்தாள், விட்டுவிட்டாள். எல்லாம் தெரிந்தவளுக்கு நான் எதற்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வருகிற நாள் முடிவானது. கோபி அவளைத் தேடி வந்தார். "மேடம், ஒருத்தர் ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணும். சுந்தரிய வெச்சு அந்த லாஸ்ட் கதைய சொல்ல வைக்கலாமா? லைன்லயே நின்னு சொன்னா கம்பீரமா இருக்கும்."

"அவளுக்கு இன்னும் வாக்கியம் நிக்கல சார். நடுவுல தடுமாறிட்டா அவளுக்கே அசிங்கம்" என்றாள் ஜஹீருன்னிசா. "வரவேற்புரைய மெர்சி படிக்கட்டும். லாஸ்ட் விஷயத்த நானே சொல்லிடறேன்."

கோபி உடனே தலையாட்டினார். சுந்தரியிடமும் அவளே சொன்னாள். "இந்தத் தடவ வேணாம். உனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்."

சுந்தரி முகம் ஒரு நொடி சுருங்கியது. "சரி மிஸ்" என்றாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் ஒரு அம்மாள். நரைத்த தலை, எதையும் தொட்டுப் பார்க்கிற கை. லாஸ்டிங் லைனுக்கு வந்ததும் ஜஹீருன்னிசா முன்னால் வந்து, ஓர் அச்சைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினாள். ஆங்கிலம் பிசிறில்லாமல் வந்தது. காலடித் தடத்தில் ஆரம்பித்தாள். பின்தொடர்வது, சொன்னதை நிறைவேற்றுவது, நீடிப்பது என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போனாள். நான்கடி தள்ளி, கையில் ஒரு ஷூவைத் திருப்பிப் பார்த்தபடி சுந்தரி நின்றிருந்தாள்.

அந்த அம்மாளுக்குக் கண் விரிந்துவிட்டது. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் பாஷையைப் பற்றி எனக்கே தெரியாததை இங்கே வந்து தெரிந்துகொண்டேன் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால் கடைசி என்கிற லாஸ்ட்? அதுவும் இதே சொல்தானா?"

ஜஹீருன்னிசாவுக்குத் திக்கென்றது. சுந்தரி பக்கத்தைத் திருப்பிப் படித்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அவள்தான் கேட்கவில்லையே. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாம், அதே சொல்தான்" என்றாள். "நடந்து முடித்தவரின் இறுதிக் காலடி. அதுதான் கடைசி."

"என்ன அழகு!" என்றார் அந்த அம்மாள். கோபி கை தட்டினார். சுந்தரி ஷூவிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவள் உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. ஷூவை வரிசையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மறுநாளே கோபி ரிசப்ஷனில் ஒரு பெரிய போர்டு மாட்டிவிட்டார். லாஸ்ட் என்ற சொல்லின் கதை முழுவதும் ஆங்கிலத்தில், 'இறுதிக் காலடி' என்ற கடைசி வரியுடன். கீழே 'ஜஹீருன்னிசா, எம்.ஏ.' என்று பேர். போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பியும் வைத்தார். அன்று சாயங்காலம்தான் அவள் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தாள்.

தடம், பின்தொடர்வது, எல்லாம் சுந்தரி சொன்னபடியே இருந்தது. கடைசி என்கிற லாஸ்ட் மட்டும் தனியாக, வேறு எண்ணிட்டு, வேறு பிறப்போடு இருந்தது. தாமதம் என்று பொருள்படும் லேட் என்ற சொல்லிலிருந்து வந்தது. எல்லோருக்கும் பின்னால் தாமதமாக வருவது. காலடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சட்டம் போட்டு மாட்டிய பொய்யின் கீழே அவள் பேர் இருந்தது. உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் சுந்தரி.

அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பேஜார்தான். இன்றைக்குச் சொல்லியிருப்பாள், கேன்டீனில் சொல்லிச் சிரித்திருப்பாள் என்று நினைத்து நினைத்து உடம்பு சூடேறியது. சனிக்கிழமை வகுப்புக்கு சுந்தரி வரவில்லை.

"அவ இனிமே வரலயாம் மிஸ்" என்றாள் மெர்சி. "ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றா."

வகுப்பு முடிந்ததும் ஜஹீருன்னிசா நேரே கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்துக்குப் போனாள். வேலூர்ப் பக்கம் போகிற பஸ் இன்னும் கிளம்பவில்லை. சுந்தரி பக்கத்து நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சுந்தரி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் தப்பா சொன்னேன். உனக்குத் தெரியும். ஏன் அங்கேயே சொல்லல?"

சுந்தரி பாட்டிலை மூடினாள். "என் மேல பரிதாபப்பட்டு வந்தீங்களா, இல்ல பயந்துகினு வந்தீங்களா மிஸ்?"

"பயந்துதான்" என்றாள் ஜஹீருன்னிசா. அவளே எதிர்பார்க்கவில்லை, அது வாயிலிருந்து வந்துவிட்டது.

"சொல்லணும்னுதான் இருந்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. உங்களுக்கு மரியாத குடுத்து வாய மூடிக்கினேன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு இங்கிலீஷ்ல சொல்ல வரல. அந்தம்மா எதிருல தமிழ்ல சொன்னா யாருக்குப் புரியும்? அத கத்துக்கத்தான உங்க கிளாஸுக்கு வந்தேன்?"

சுந்தரி பாட்டிலைப் பைக்குள் வைத்தாள்.

"ரெண்டு வாரமா என் நோட்டுல வெறும் டிக்குதான். எல்லாம் சரியா எழுதறேன்போலன்னு மொதல்ல சந்தோஷப்பட்டேன். அப்பறம் மெர்சி நோட்டப் பாத்தேன். அவ எழுதுன அதே தப்பு என்னுதுலயும் கீது. அவளுக்கு செவப்புல அடிச்சு எழுதிக் குடுத்துருக்கீங்க. எனக்கு டிக்கு. நான் இன்னா பண்ணேன் மிஸ் உங்கள?"

"ஒண்ணும் பண்ணல. நீ கண்டுபிடிச்ச. நான் கண்டுபிடிக்கல. அது தாங்கல எனக்கு."

பஸ் ஹாரன் அடித்தது. சுந்தரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மன்னித்த மாதிரியும் இல்லை, சண்டை போடுகிற மாதிரியும் இல்லை. "போர்டுல இருக்குறது தப்பு. அத மாத்துங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

மாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. கோபி கையைப் பிசைந்தார். "விடுங்க மேடம், யாருக்குத் தெரியப்போவுது? அந்தம்மா அவங்க கம்பெனி பேஜ்ல உங்க போட்டோவோட போட்டுட்டாங்க. இப்பப் போயி தப்புன்னா நமக்குத்தான் அசிங்கம்."

"நமக்கில்ல, எனக்கு" என்றாள் அவள். "அவங்க மெயில் ஐடி குடுங்க. நானே எழுதறேன்."

அந்த மெயிலை எழுத அவளுக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. இரண்டு தரம், சுந்தரி தேடினாள், நான் சரிபார்த்தேன் என்று எழுதி, இரண்டு தரமும் அழித்தாள். முடிவில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: சொல்லைத் தேடிப் போனது, கண்டது, விளங்கச் சொன்னது எல்லாம் லாஸ்டிங் லைனில் வேலை செய்கிற சுந்தரி, கடைசி வரியை நானாகச் சேர்த்தேன், அது தவறு. அனுப்பிவிட்டு அதே சூட்டில் முனீரிடமும் போய்ச் சொன்னாள். அவர் தாடியைத் தடவினார். "கடையில நாலு பேர் கிட்ட சொல்லிட்டேனே ஜஹீரா" என்றார். "சரி, நாளைக்கு அந்தப் பொண்ணு பேரச் சொல்லிக்கறேன்." அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இரண்டு நாளில் பதில் வந்தது. அவளுக்கு ஒரு வரி நன்றி. மீதி பத்து வரியும் சுந்தரியைப் பற்றி: அவளோடு பேச வேண்டும், வீடியோவில் அழைக்கலாமா? படித்ததும் அதே எரிச்சல் மறுபடி கிளம்பியது. உண்மையைச் சொல்லிவிட்டால் பொறாமை போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை.

பதிலைப் பார்த்ததும் கோபி போர்டைக் கழற்றிவிட்டார். சுந்தரியும் வகுப்புக்குத் திரும்பினாள். கோபி கேட்டுக்கொண்டதாலா, தனக்கே வேண்டியிருந்ததாலா தெரியாது. வீடியோ அழைப்பில் சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் எழுதி, அதற்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். ஜஹீருன்னிசா சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒரு பக்கம் முடிவதற்குள் எழுத்தே தெரியாத அளவுக்கு மை ஏறியது.

"இவ்ளோ தப்பா மிஸ்?"

"ஆமா, இவ்ளோ. இங்க வா, ஒவ்வொண்ணா சொல்றேன்."

அழைப்பு வந்த மத்தியானம் கோபியின் அறையில் சுந்தரி கேமரா முன்னால் உட்கார்ந்தாள். ஜஹீருன்னிசா திரைக்குத் தெரியாத மூலையில், மடியில் ஒரு தாளோடு. காலடித் தடத்தில் தொடங்கி அச்சு வரை சுந்தரி நிதானமாகச் சொன்னாள். இடையில் தடுமாறினாள். ஜஹீருன்னிசாவின் வாய் வரை சரியான சொல் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். சுந்தரி தானே வேறு சொல்லைப் பிடித்து ஏறி வந்தாள். கடைசி என்கிற லாஸ்ட்டைச் சொல்லும்போது, அது வேற வீட்டுப் பிள்ளை, முகம் மட்டும் ஒத்துப்போய்விட்டது என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள். அது நோட்டில் இல்லாத வாக்கியம். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு மூன்று பேர் சிரிப்பதும் கேட்டது.

இதையெல்லாம் எங்கே தெரிந்துகொண்டாய் என்று அவர் கேட்டார். வேலூர் லைப்ரரியில் என்றாள் சுந்தரி. அவ்வளவுதான் சொன்னாள். மூலையில் இருந்தவளுக்குச் சுருக்கென்றது. என் பேரைச் சொல்லுவாள் என்று எந்த உரிமையில் எதிர்பார்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டு குனிந்து எழுதினாள்.

அழைப்பு முடிந்தது. சுந்தரி புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எத்தன தப்பு மிஸ்?"

"ஏழு."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

ஜஹீருன்னிசா தாளை நீட்டினாள். சுந்தரி நின்றபடியே முதல் வரியிலிருந்து படித்தாள். நாலாவதில் நிறுத்தி, "இது தப்பில்லையே? போன வாரம் நீங்கதான இப்படி சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள்.

ஜஹீருன்னிசா தாளை வாங்கிப் பார்த்தாள். சுந்தரி சொன்னதுதான் சரி. பேனாவை எடுத்து நாலாவது வரியை அடித்துவிட்டு, ஏழு என்று எழுதியிருந்ததை ஆறு என்று மாற்றித் திருப்பிக் கொடுத்தாள்.